ஓட்டலுக்கு மீன் வாங்குறவங்க என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

15 வருஷமா ஓட்டல் கிச்சனுக்கு மீன் வாங்கிக் குடுக்கிற வேலையில இருக்கேன், காசிமேடு, நாகப்பட்டினம், பாம்பன், தூத்துக்குடின்னு ஏலத்துல நின்னு பழகின ஆளு. கொஞ்ச வருஷமா கடலுக்கு கெடுதல் பண்ணாம மீன் வாங்கணும்னு சில ஓட்டல்காரங்க கேட்டு வர்றாங்க, ரொம்ப சந்தோஷமா இருக்கு, ஆனா எல்லாரும் ஒரே சந்தேகத்தத்தான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி மாளல. அதான் அவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு எழுதி வச்சுட்டேன். எல்லாமே தமிழ்நாட்டுக் கடல வச்சு சொல்றதுதான்.

சஸ்டெயினபிள் சீஃபுட்னா என்ன சார்? ஆர்கானிக் மாதிரி ஏதாவது சர்டிஃபிகேட் இருக்கா?

இந்த வருஷம் நீங்க வாங்குன மீன் இன்னும் பத்து வருஷம் கழிச்சும் அதே கடல்ல அதே அளவுக்கு கிடைக்கணும், அத புடிக்கும்போது ஆமை, பவளப்பாறை, கடல் புல்லுன்னு வேற எதுவும் நாசமாகக் கூடாது, அவ்ளோதான் விஷயம். இதுக்கு மேல பெரிய தத்துவம் ஒண்ணும் இல்ல.

சர்டிஃபிகேட் இருக்கு. கடல்ல புடிக்கிற மீனுக்கு எம்எஸ்சின்னு நீலக்கலர் லேபிள், வளர்ப்பு மீனுக்கு ஏஎஸ்சின்னு பச்சைக்கலர் லேபிள். இந்தியாவுல முதல்ல எம்எஸ்சி வாங்குனது கொல்லம் அஷ்டமுடிக் காயல்ல மட்டி எடுக்கிறவங்க, 2014ல. ஆனா நம்ம ஊர் ஏலக்கூடத்துல கூடையில லேபிள் ஒட்டி வரப்போறதில்ல. லேபிள் இருந்தாத்தான் வாங்குவேன்னு நின்னீங்கன்னா கடைசில நார்வேலேந்து ப்ளைட்ல வர்ற சால்மன் தான் வாங்குவீங்க, பக்கத்துக் குப்பத்துல தூண்டில் போடுறவர்கிட்ட வாங்க மாட்டீங்க. அதனால லேபிளத் தேடாதீங்க, கேள்வி கேக்கப் பழகுங்க.

எங்க சப்ளையர் "எல்லாம் கடல் மீன், எல்லாம் ஃப்ரெஷ்"னு சொல்றார். அதுக்கு மேல என்ன கேக்க முடியும்?

நிறைய கேக்கலாம். மீனோட பேரு என்ன, எந்தத் துறையில இறக்குனது, விசைப்படகா நாட்டுப்படகா, எந்த வலை இல்ல தூண்டிலா, கடல்ல எத்தன நாள் கிடந்துச்சு. இந்த அஞ்சையும் பில்லுலயே எழுதச் சொல்லுங்க. மொத வாரம் சப்ளையர் முகத்த சுளிப்பார், ரெண்டாவது வாரம் ரெண்டுக்கு பதில் வரும், மூணு மாசத்துல அவரே துறைல நின்னு விசாரிக்க ஆரம்பிச்சுடுவார். அஞ்சாவது கேள்வி ஏன் முக்கியம்னா, பெரிய விசைப்படகு ஒரு தடவ போனா பல நாள் தங்கி மீன் புடிக்கும், மொத நாள் புடிச்ச மீன் அத்தன நாளும் ஐஸ்ல கிடந்துட்டு வரும், கரைக்கு வந்த அன்னைக்கு அதுவும் "இன்னைக்கு வந்த மீன்" தான். ராத்திரி போயிட்டு காலைல திரும்புற ஃபைபர் படகு மீன் அப்படி இல்ல.

பேர்ல மட்டும் ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. சென்னையில ஷீலான்னா நீளமா பல்லோட இருக்கிற மாவுலா. தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் சீலான்னா வஞ்சரம். இங்கேந்து போன்ல ஷீலா 20 கிலோன்னு சொல்லி அங்கேந்து வஞ்சரம் பெட்டி வந்து இறங்கி, விலைய பாத்து மேனேஜர் தலைல கை வச்சத கண்ணால பாத்திருக்கேன். போட்டோ அனுப்பிட்டு ஆர்டர் போடுங்க.

தடைக்காலத்துல மீன் விக்கலாமா? கஸ்டமர் கேக்குறாங்க, மெனுவ மூடிடணுமா?

மூட வேண்டாம். கிழக்குக் கரையில ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை (முன்ன 45 நாளா இருந்துச்சு), குமரி மாவட்டத்து மேற்குக் கரையில ஜூன் 1லேந்து ஜூலை 31 வரைக்கும். தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு, கட்டுமரம், கரையோரமா வலை விடுறவங்க எல்லாம் போகலாம். ஜூன் முதல் ரெண்டு வாரம் தமிழ்நாட்டுல ரெண்டு கரையிலயும் விசைப்படகு போகாது, வருஷத்துல மீன் ரொம்ப கம்மியா கிடைக்கிற நேரம் அதுதான், அத முன்கூட்டியே காலண்டர்ல குறிச்சு வச்சுக்கோங்க.

என்ன தப்பு நடக்குதுன்னா, தடைக்காலத்துலயும் அதே வஞ்சரம், அதே பெரிய இறால் வேணும்னு ஓட்டல் அடம் புடிக்கும், உடனே கோல்டு ஸ்டோரேஜ்ல மாசக்கணக்கா கிடந்தது ஃப்ரெஷ்னு வந்து சேரும். அதுக்கு பதிலா அந்த ரெண்டு மாசத்துக்கு கிழங்கான், மத்தி, கானாங்கெளுத்தி, நண்டுன்னு நாட்டுப்படகுல என்ன வருதோ அத மட்டும் போட்டு தனி மெனு போடுங்க. நாட்டுப்படகுக்காரங்களுக்கு வருஷத்துலயே நல்ல விலை கிடைக்கிற நேரம் அது, உங்க காசு அவங்க கைக்கு நேரா போகும்.

ஷெஃப்புக்கு பிளேட் சைஸ்ல முழு மீன் வேணுமாம், 300 - 400 கிராம். அதுல என்ன பிரச்சனை?

இருக்கறதுலயே பெரிய பிரச்சனை இதுதான், கொஞ்சம் பொறுமையா படிங்க. ஒரு தடவ ஒரு ஓட்டல் கிச்சன்ல தெர்மாகோல் பெட்டிய திறந்தேன், உள்ள கலவா மீன் வரிசையா அடுக்கி இருந்துச்சு, எல்லாம் ஒரே நீளம், ஒண்ணு கூட என் முழங்கை வரைக்கும் வரல. ஷெஃப் தட்டுல வச்சுக் காட்டுறார், வாலு தலை ரெண்டும் தட்டுக்குள்ள அடங்குது, அவருக்கு அவ்ளோ சந்தோஷம். எனக்கு வயித்த பெசஞ்சுது. பெரிய சாதிக் கலவால அந்த சைஸ்னா அதுல ஒண்ணு கூட ஒரு தடவையாவது முட்டை போட்டிருக்காது.

கலவாவோட வாழ்க்கையே வேற மாதிரி. மொதல்ல பொண்ணா இருந்து, வளந்து பெருசானதுக்கு அப்புறம் சிலது ஆணா மாறும். அப்ப சின்னதா புடிச்சா முட்டை போட ஆள் இருக்காது, பெருச மட்டும் தேடித் தேடிப் புடிச்சா ஆண் மீன் இருக்காது. கொடுவா இதுக்கு நேர் எதிர், மொதல்ல ஆண், பெருசானதும் பொண்ணு, அதனால சினையோட இருக்கிற பெரிய கொடுவா கடலுக்கு ரொம்ப முக்கியம்.

என்ன பண்ணலாம்? ரெண்டு வழி இருக்கு. முழு மீனே வேணும்னா வளர்ந்தாலும் அந்த சைஸ்லயே நிக்கிற மீன வாங்குங்க, கானாங்கெளுத்தி, சங்கரா, கிழங்கான் மாதிரி. இல்லன்னா வளர்ப்புக் கொடுவா வாங்குங்க, பொரிப்பகத்துல குஞ்சு பொரிச்சு குளத்துல வளத்தது, அத 400 கிராம்ல எடுத்தா கடல்லேந்து கொடுவாக் குட்டி எதையும் புடுங்கல (அதோட தீனி விஷயம் கீழ சொல்றேன்). முட்டுக்காட்டுல ஆராய்ச்சி நிலையம் வச்சிருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க 1997லயே கொடுவாவ செயற்கையா பொரிக்க வச்சுட்டாங்க, அது ஒண்ணும் புதுசு இல்ல.

அப்ப நெத்திலியும் குட்டி மீன் தானே, அதையும் விட்டுடணுமா?

இல்ல இல்ல. நெத்திலி வளந்தாலும் நெத்திலி தான். சின்ன மீன் வேற, பெரிய மீனோட குட்டி வேற. நெத்திலி, மத்தி, காரப்பொடி எல்லாம் சீக்கிரம் வளந்து சீக்கிரம் முட்டை போடுற சாதி, அதத் தாராளமா வாங்கலாம், அதுலயும் ரொம்பப் பொடிச விட்டுடணும் அவ்ளோதான். கேரளாவுல 2015ல 14 வகை மீனுக்கு குறைஞ்சபட்ச அளவு வச்சாங்க, அப்புறம் அத 58 வகையாக்குனாங்க. மத்தி 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்தி 14 சென்டிமீட்டர், அதுக்கு கீழ புடிக்கக் கூடாது. அந்த அளவ நம்ம ஓட்டலுக்கும் வச்சுக்கிட்டா நல்லது. ரிசீவிங் மேசை ஓரத்துல பெயின்ட்ல ரெண்டு கோடு போட்டு வைங்க, ஒண்ணு 10, ஒண்ணு 14. ஸ்கேல் தேட வேண்டாம், பையன் மீன வச்சுப் பாத்தே சொல்லிடுவான்.

வஞ்சரம் இல்லாம எங்க மெனு ஓடாதுண்ணா. அத என்ன பண்றது?

வஞ்சரத்த நிறுத்துங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ரெண்டு விஷயம் மட்டும் பாருங்க. ஒரு கிலோவுக்கு கீழ இருக்கிற வஞ்சரக் குட்டிய வாங்கவே வாங்காதீங்க, அது பருவத்துக்கே வராத மீன், முழுசா பொரிச்சுக் குடுத்தா அழகா இருக்கும், ஆனா மேல கலவாவுக்கு சொன்ன அதே கதை. ரெண்டாவது, மெனு கார்டுல "வஞ்சரம் தவா ஃப்ரை"ன்னு அச்சடிக்காம "இன்றைய மீன் தவா ஃப்ரை"ன்னு போடுங்க. பாறை, சூரை, ஊளி, மாவுலா எல்லாமே துண்டு போட்டு தவாவுல போடுற மீன்தான். ஒரு ஈசிஆர் ஓட்டல்ல இத மாத்துனப்போ மொத ரெண்டு வாரம் கஸ்டமர் முணுமுணுத்தாங்க, சர்வர் பசங்களுக்கு தினமும் காலைல அந்த மீன ஒரு துண்டு சாப்பிடக் குடுத்தோம், அவங்க வாயால "சார் இன்னைக்கு பாறை, நான் சாப்பிட்டேன் சூப்பரா இருக்கு"ன்னு சொன்னதும் ஆர்டர் தானா வந்துச்சு.

வருஷத்துக்கு ஒரே ரேட்டுன்னு காண்ட்ராக்ட் போட்டுத்தான் வாங்குறோம். இதெல்லாம் பண்ணா விலை ஏறிடாதா?

அந்தக் காண்ட்ராக்ட் தான் நோயே. இன்ன மீன், இன்ன சைஸ், வருஷம் முழுக்க ஒரே விலைன்னு எழுதிட்டீங்கன்னா, கடல்ல அந்த மீன் இல்லாத மாசத்துல சப்ளையர் என்ன பண்ணுவார்? குட்டிய குடுப்பார், இல்ல பழைய ஐஸ் சரக்க குடுப்பார், இல்ல வேற மீன பேர் மாத்தி குடுப்பார். தோல் உரிச்ச ஃபில்லேவா வந்தா பாசா கூட எந்த மீனாவும் மாறிடும், பாசா குளத்துல வளர்ற நன்னீர் மீன், அது தப்பான மீன் இல்ல, பாசான்னே சொல்லி வித்தா ஒரு பிரச்சனையும் இல்ல.

காண்ட்ராக்ட்ல மீன் பேருக்கு பதிலா வகை எழுதுங்க: துண்டு போடுற மீன் இவ்ளோ கிலோ, முழுசா பொரிக்கிற மீன் இவ்ளோ, குழம்பு மீன் இவ்ளோ, விலை அன்னைக்கு ஏல விலைக்கு மேல இவ்ளோ கமிஷன். சில நாள் விலை ஏறும், சில நாள் நல்லா இறங்கும். சூரை, மத்தி எல்லாம் வஞ்சரத்து விலைல ஒரு பங்கு தான், அதுல மிச்சமாகுறது தூண்டில் மீனுக்கு கூடுதலா குடுக்கிறதுக்கு சரியா இருக்கும்.

கடல விட்டுட்டு வளர்ப்பு மீன், வளர்ப்பு இறால் மட்டும் வாங்குனா பாவம் வராதுல்ல?

அவ்ளோ சுலபம் இல்ல. ஓட்டல்ல ஓடுற இறால்ல பெரும்பங்கு வன்னாமை, 2009ல தான் நம்ம நாட்டுல வளக்க அனுமதி குடுத்தாங்க, அதுக்கு முன்ன வரி இறால் தான். பண்ணைகிட்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தோட பதிவு நம்பர் இருக்கான்னு கேளுங்க, ஆன்டிபயாடிக் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க, எக்ஸ்போர்ட்டுக்கு எப்படியும் எடுப்பாங்க, உங்களுக்கு ஒரு காப்பி குடுக்கறதுல கஷ்டம் இல்ல. குளத்துத் தண்ணிய எங்க விடுறாங்கன்னும் கேளுங்க, பக்கத்து நெல் வயல்லயும் குடிதண்ணிக் கிணத்துலயும் உப்பு ஏறுன ஊருங்க நாகை பக்கம் இருக்கு, அந்த ஊர் ஜனங்க பட்ட பாட்ட நாம மறக்கக் கூடாது.

இன்னொண்ணு தீனி. விசைப்படகு கடலடியில இழுத்துட்டுப் போற இழுவை மடில அடியோட வாரிட்டு வர்ற சங்காயம், அதாவது விலை போகாத பொடி மீன் இருக்கே, அதுல நிறைய நல்ல மீனோட குஞ்சுதான், அது மீன் தூள் கம்பெனிக்குப் போயி பண்ணைத் தீனியா திரும்பி வரும். சில கூண்டுல சங்காயத்த அப்படியே வெட்டியும் போடுறாங்க. அப்ப கடல்ல குட்டிய காப்பாத்தறோம்னு நெனச்சுக்கிட்டு குட்டியவே தீனியா குடுத்த மாதிரி ஆயிடும். மண்டபம் பக்கம் கூண்டுல கடல் விரால் வளக்கிறாங்க, நல்ல மீன், பெரிய துண்டு வரும், வாங்கும்போது குச்சித் தீனியா சங்காயமான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. தீனியே போட வேணாத மட்டி, ஆளி, சிப்பிய நான் எல்லாருக்கும் சிபாரிசு பண்ணுவேன்.

சுறாப்புட்டு எங்க ஸ்பெஷல். அது சட்டப்படி தப்பா?

எல்லா சுறாவும் தடை இல்ல, ஆனா எது தடைன்னு தோல் உரிச்சு வேக வச்சதுக்கு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது. 2001லயே திமிங்கலச் சுறா, ரம்பம் மாதிரி மூக்கு இருக்கிற வேளா மீன், சுறா மாதிரி உடம்பு இருக்கிற உழுவைத் திருக்கைல ஒரு வகைன்னு பத்து வகை வன உயிரினச் சட்டத்துல வந்துடுச்சு, 2022ல திருத்தம் பண்ணி இன்னும் நிறைய சுறா, திருக்கை வகைய சேத்துட்டாங்க, அது 2023 ஏப்ரல்லேந்து அமல்ல இருக்கு. ராட்சதக் கலவா, கடல் அட்டை, கடல் குதிரை, எந்த கடல் ஆமையும், ஆவுளியாவும் (கடல் பசு) அதே சட்டத்துல இருக்கு. தெரியாம வாங்குனேன்னு சொன்னா கேஸ் நிக்காமப் போகாது.

சட்டத்த விடுங்க. சுறா மத்த மீன் மாதிரி லட்சம் முட்டை போடாது, பால் சுறா ஒரு ஈத்துக்கு கைவிரல்ல எண்ணுற அளவு குட்டிதான் போடும். பிள்ளை பெத்தவங்களுக்குப் பால் சுறா குடுக்கிறது நம்ம வீட்டுப் பழக்கம், அத நான் குறை சொல்லல, வீட்டுல எப்பயோ ஒரு தடவ வாங்குறது வேற, ஓட்டல்ல தினமும் 30 பிளேட் போடுறது வேற. சூரைய வேக வச்சு உதுத்து அதே சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு போட்டு புட்டு பண்ணிப் பாருங்க, உதிரி உதிரியா நல்லா வரும்.

சிங்கி இறால், நண்டுல என்ன பாக்கணும்?

சிங்கி இறாலுக்கு 2003லேந்து எக்ஸ்போர்ட் பண்ண குறைஞ்சபட்ச எடை இருக்கு, சாதிக்கு சாதி மாறும், 200 கிராம்லேந்து 500 கிராம் வரைக்கும். எக்ஸ்போர்ட்காரன் எடுக்காத குட்டி சிங்கி தான் லோக்கல் ஓட்டலுக்கு மலிவா வருது. மலிவா வந்தா ஏன்னு யோசிங்க.

நண்ட கவுத்துப் போட்டு வயித்து மடல பாருங்க. அங்க பஞ்சு மாதிரி மஞ்சளா ஆரஞ்சா ஒட்டிட்டு இருந்தா முட்டை, அது நாள் ஆக ஆக கருத்து சாம்பல் கலராகும், கருத்துடுச்சுன்னா பொரியறதுக்கு கொஞ்ச நாள்தான் இருக்கு. நீலக்கால் நண்டு இந்த நிலைல வந்தா வாங்க மாட்டோம்னு சொல்லிடுங்க. பாக் நீரிணைப் பக்கம் முட்டை நண்ட உசுரோட இருந்தா திரும்பக் கடல்ல விடுற மீனவர்கள் இருக்காங்க, நாம வாங்கலன்னா அவங்களுக்கு அத விடறதுல நஷ்டம் தெரியாது.

சுருக்குமடி மீன் சட்டத்துக்கு உட்பட்டதா இல்லையா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

குழப்பம் இருக்கறது உண்மைதான். தமிழ்நாட்டுல 2000லேந்து சுருக்குமடிக்குத் தடை. 2023 ஜனவரில உச்ச நீதிமன்றம் இடைக்காலமா கொஞ்சம் இடம் குடுத்துச்சு: 12 கடல் மைலுக்கு வெளிய, திங்களும் வியாழனும் மட்டும், காலைல 8லேந்து சாயங்காலம் 6 வரைக்கும். அப்ப செவ்வாய்க்கிழமை கரையோரத்துல புடிச்ச சுருக்குமடி மீன் சட்டத்துக்கு வெளிய. ஒரே சுத்துல கூட்டத்தோட அள்ளிட்டு வர்ற வலை அது, சின்ன வலைக்காரருக்கு அன்னைக்கு ஒண்ணும் மிஞ்சாது. என் அபிப்ராயம், ஓட்டலுக்கு அது வேண்டாம். ரெண்டு படகு சேந்து ஒரே வலைய இழுக்கிற இரட்டை மடி மீன் கேள்வியே இல்ல, அதுக்கு முழுத் தடை.

கன்சர்வேஷனுக்கு வருஷா வருஷம் பீச் கிளீனிங் பண்றோம், டொனேஷன் குடுக்கிறோம். போதும்ல?

நல்ல விஷயம், நிறுத்தாதீங்க. ஆனா அதே ஓட்டல்ல பீச்சப் பாத்து ஃப்ளட் லைட் எரியுது. ஜனவரிலேந்து மார்ச், ஏப்ரல் வரைக்கும் பங்குனி ஆமை முட்டை போட வரும், ஒன்றரை மாசத்துல குஞ்சு பொரிச்சு வெளிச்சம் இருக்கிற பக்கமா ஓடும், இயற்கைல வெளிச்சம் கடல் பக்கம் தான். உங்க லைட் எரிஞ்சா ரோட்டுப் பக்கம் வந்து நாய்க்கும் காருக்கும் சாகும். அந்த மாசத்துல கடலப் பாத்த லைட்ட அணைங்க, காசு செலவே இல்ல. சென்னையில 1988லேந்து ஸ்டூடண்ட் பசங்க ராத்திரி முழுக்க மணல்ல நடந்து ஆமை முட்டைய எடுத்து பாதுகாக்குறாங்க, அவங்களுக்கு நடு ராத்திரி டீயும் சாப்பாடும் குடுத்தாக்கூட பெரிய உதவி.

2025 ஜனவரில சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேல ஆமை செத்து ஒதுங்குச்சு, பாத்தவங்களுக்கு மனசு ஆறாது. ஆமை மூச்சு விட மேல வரணும், இழுவை மடிக்குள்ள மாட்டுனா மூச்சு முட்டி செத்துடும். வலைல ஆமை தப்பிக்கிற வழி வைக்கலங்கிற காரணத்துக்காகவே அமெரிக்கா நம்ம கடல் இறால வாங்கறத நிறுத்திடுச்சு. கடல் இறால் வாங்கும்போது இந்தக் கேள்விய நீங்களும் கேட்டீங்கன்னா அதுவே டொனேஷன விடப் பெருசு. அப்புறம் லாபில கண்ணாடிப் பெட்டிக்குள்ள பவளப்பாறை அலங்காரமா வச்சிருந்தா சட்டப்படி அது குற்றம், வனத்துறைகிட்ட பேசிட்டு ஒப்படைச்சுடுங்க.

தூண்டில் மீன்னு அதிக விலை வாங்கிட்டு இழுவை மடி மீன குடுத்தா எங்களுக்கு எப்படி தெரியும்?

மீனே சொல்லும். தூண்டில் மீனுக்கு வாய் ஓரத்துல கொக்கி குத்துன கிழிசல் இருக்கும், செதில் முழுசா இருக்கும், உடம்பு பளபளன்னு இருக்கும். செவுள் வலைல மாட்டுன மீனுக்கு செவுளுக்குப் பின்னாடி கழுத்தச் சுத்தி நூல் அறுத்த கோடு தெரியும். இழுவை மடில வந்தது நூத்துக்கணக்கான கிலோவோட நசுங்கி வர்றது, செதில் உதிர்ந்து, வயிறு அமுங்கி, சில சமயம் செவுளுக்குள்ள சேறு இருக்கும், விரல விட்டுப் பாருங்க.

ராமேஸ்வரம் பக்கத்துலேந்து வாங்குறவங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு. அங்க விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் பிரிச்சுக்கிட்டுப் போறாங்க, விசைப்படகுக்கு வாரத்துல மூணு நாள், மீதி நாட்டுப்படகுக்கு. எந்த நாள் யாரோடதுன்னு துறைல விசாரிச்சு வச்சுக்கிட்டு பில் தேதியோட ஒத்துப் பாருங்க. சந்தேகம் வந்தா நாலு மீன் வாயத் திறந்து போட்டோ எடுத்து சப்ளையருக்கு அனுப்பி "அண்ணே கொக்கி எங்க"ன்னு மட்டும் கேளுங்க. நான் அப்படித்தான் கேப்பேன், அடுத்த பெட்டி சரியா வந்துடும்.